காப்புக் கட்டிய பிறகு

"பையை உள்ள வை," என்றார் அருணகிரி.

ஊர் நாட்டாமை வாசலில் நின்றபடிதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவருக்குப் பின்னால் ஆறேழு ஆண்கள், மணிக்கட்டில் மஞ்சள் கயிறோடு. ரேணுகாதேவி பையைக் கீழே வைக்கவில்லை. போளூர் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"பெரிப்பா, நேத்துதான் மெயில் வந்துச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பு கட்டறதுக்குள்ள போய்ட்டிருப்பேன்."

வேலூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் உயிர்மருத்துவம் சார்ந்த படிப்பு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆய்வக வேலை பழக்குகிறது. இருபது இடங்கள். திருவண்ணாமலையில் உயிர்வேதியியல் படிக்கும் ரேணுகா காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். யாரோ ஒருவர் விலகிக்கொள்ள, அந்த இடம் இவளுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். இன்று ஞாயிறு.

வெள்ளிக்கிழமையே அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து எட்டு நாள், ஊரார் எவரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்படித் தள்ளி வைத்த கோபால் வீட்டில் சாவு விழுந்தபோது பாடை தூக்க நாலு பேர் வரவில்லை.

"இன்னா படிப்பும்மா அது?" என்று நாட்டாமை கேட்டார்.

"ஆராய்ச்சி பெரிப்பா. மலையில பொம்பளைங்களுக்கு ஏன் ரத்தம் கம்மியா கீதுன்னு..."

"அதுக்கு வேலூர் போவணுமா?" என்றான் ஜீவானந்தம், நிலைக்கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு. "எங்கூட்டுக்காரி தெனமும் என் ரத்தத்தக் குடிக்கிறா. அப்பவும் அவளுக்குக் கம்மியாத்தான் கீதாம். வந்து அவளப் பாரு."

சிரித்தார்கள். நாட்டாமை சிரிக்கவில்லை. அவள் நீட்டிய போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெயிலைக் கடைசி வரி வரைக்கும் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல விசயம்தான். அடுத்த வருசம் போ."

"அடுத்த வருசம் எடம் கெடைக்கும்னு யாரு சொன்னது?"

"அம்மன் குடுப்பா."

சுவரோரம் குந்தியிருந்த தசரதன் மகளைப் பார்க்காமலே சொன்னார்: "பெரியவர் சொல்றாருல்ல. உள்ள வா."

முற்றத்தில் காயப்போட்ட புளியின் மேல் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ரேணுகாவிடம் சொல்வதற்கு இன்னும் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சரியானது. எதைச் சொன்னாலும் அந்த வாசல் திறக்காது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுப்பங்கரையிலிருந்து ரேணுகாவின் அம்மா செல்லம்மா வந்தாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ தூரம்," என்றாள்.

ஆண்கள் ஓரடி பின்னால் போனார்கள். ஜீவானந்தம் நிலைக்கட்டையிலிருந்து கையை எடுத்து வேட்டியில் தேய்த்துக்கொண்டான்.

"எப்போலேந்து?" என்றார் நாட்டாமை.

"காலையிலேந்து. சொல்ல வெக்கப்பட்டுக்கினு கீறா."

ரேணுகாவுக்கு அது வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மாவுக்கும் தெரியும். பதினாலு வயதில், எல்லைக்கு வெளியே தூரமானவர்களுக்கென்று இருக்கும் குடிசையில், மழை ஒழுக ஒழுக மூன்று இரவுகள் குந்தியே கழித்தவள் ரேணுகா. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அந்த நாட்களில் விடுதியை விட்டு வருவதே இல்லை. அந்தச் சொல்லை இந்த வீட்டில் தன்னைப் பற்றி யாரும் சொல்லக் கூடாது என்று அம்மாவோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். இப்போது ஆறேழு ஆண்களின் எதிரில் அம்மாவே சொல்கிறாள்.

பொய் என்று சொல்ல வாய் திறந்தாள்.

செல்லம்மா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. வெறுமனே காத்திருந்தாள். ரேணுகா வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப இன்னாத்துக்கு இன்னும் ஊருக்குள்ள வெச்சினு கீற?" நாட்டாமையின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "காப்பு கட்டின ஊர்ல! அனுப்பு குடிசைக்கு. மூணு நாள்."

"அவளுக்கு அஞ்சு நாள் ஆவும்ணா."

"பையி எதுக்கு?" என்றான் ஜீவானந்தம்.

"மாத்துத் துணி. இன்னா இன்னான்னு எடுத்துக் காட்டட்டுமா தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

காப்புக் காலத்தில் தூரமானவள் தெருவில் நடந்தால் ஆண்கள் பார்க்கக் கூடாது. அத்தனை பேரும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தசரதனும் திரும்பிக்கொண்டார். அவர் நம்பினாரா என்று செல்லம்மா பிறகும் கேட்கவில்லை.

ரேணுகா அந்த முதுகுகளுக்கு நடுவே நடந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டினாள். குடிசையையும் தாண்டினாள். அங்கிருந்து ஐம்பதடியில் தார் ரோடு. வளைவில் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, கிளம்பிப் போனது. அவள் எங்கே போகிறாள் என்று பார்க்க ஊரில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் செல்லம்மா சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போனாள். விறகுக் கட்டோடு வந்த பக்கத்து வீட்டு நீலாவதி வழியிலேயே நின்றாள்.

"பொண்ணு எப்பிடி கீறாக்கா?"

"படுத்துக்கினு கீறா."

நீலாவதி சாத்தியிருந்த படலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாசலில் செருப்பு இல்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"நல்லாத் தூங்கட்டும். நாளைக்குச் சோறு நான் எட்தாறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறாம் நாள் ஊருக்கு என்ன சொல்வது என்று செல்லம்மா இன்னும் யோசிக்கவில்லை. குடிசைக்குக் கொண்டுபோன சோறு வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது கட்டுப்பாடு. அவள் படலைத் தள்ளி உள்ளே போய் உட்கார்ந்தாள். சூடு ஆறாத சோறு. வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு சட்டியை வழித்துத் தின்றே பழகியவள், அன்றைக்குக் கிண்ணம் காலியாகும் வரை மெதுவாகச் சாப்பிட்டாள்.

அந்தக் குடிசைக்குள் போனவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் ஊருக்குள் வரக் கூடாது. செல்லம்மா நேராக வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல், அம்மன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றினாள்.

விளக்கு எப்போதும்போல நின்று எரிந்தது.