நாலு பனை உயரத்தில் கிளின்ரன்

2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் இருபத்தோராம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு லண்டன் எட்மண்டன் பூங்காவுக்கு மேலே பன்னிரண்டு பேர் பரசூட்டோடு குதித்தார்கள். பதினொரு பேர் இறங்கினார்கள். பன்னிரண்டாவது ஆள் றஜீனாவின் ஒரே மகன் கிளின்ரன். அவன் தரையிலிருந்து நாலு பனை உயரத்தில், பரசூட் விரிந்தபடி, சப்பாத்துக் கால்கள் தொங்கினபடி, அப்படியே நின்றுவிட்டான். காற்றிலும் பிழையில்லை, கயிற்றிலும் பிழையில்லை. எண்பது வருடங்களுக்கு முன்னர் ஒல்லாந்தில் பரசூட்டில் குதித்துச் சண்டை பிடித்தவர்களை வருடாவருடம் நினைக்கிற விழா அது. பாண்ட் வாத்தியம் இருந்தது, தேத்தண்ணிக் கூடாரம் இருந்தது, பழைய சிப்பாய்களுக்கென்று முன்வரிசையில் நாலு கதிரை போட்டிருந்தார்கள். வந்தவர் ஒருவர்தான். நூற்றொரு வயதுப் பார்ட்ரம், முதியோர் இல்லத்திலிருந்து சக்கரக் கதிரையில் வந்திருந்தார்; தள்ளிக்கொண்டு வந்தது அங்கே வேலை செய்கிற எங்கள் சனத்துப் பிள்ளை பிரசாந்தினி. கிளின்ரன் சிப்பாய் இல்லை. கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன், சனி ஞாயிறில் பொழுதுபோக்குக்குக் குதிக்கிறவன். ஆனால் விழாக் கொமிற்றி குதிக்கிற எல்லாருக்கும் அந்தக் காலத்துச் சண்டை உடுப்பைக் கொடுத்திருந்தது. தகப்பன் கிறிஸ்துராஜா பஸ் ஓட்டுகிறவர். "முதல் தமிழன், முதல் தமிழன்" என்று எங்கள் கத்தோலிக்கப் பங்கு முழுக்கச் சொல்லித் திரிந்து, கோயில் சனத்தை ஒரு பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு, ரோல்சும் வடையுமாய் வந்து இறங்கியிருந்தார்.

அன்று காலையில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். றஜீனா குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்கும்போது கிளின்ரன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். பச்சையும் மண்நிறமும் கலந்த உடுப்பு, கணுக்காலுக்கு மேல் கட்டின சப்பாத்து. றஜீனா முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைத்தான் பார்த்தாள். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணம் குருநகரில் அவளுடைய தம்பி அமலன் பாண் வாங்கச் சைக்கிளில் போனான். படலையடியில் நின்று தாய், "போட்டு வா மோனை" என்றாள். அவனும் "போட்டு வாறன்" என்றுதான் போனான். சந்தியில் நின்ற பச்சை உடுப்புக்காரர் சைக்கிளைச் சுவரில் சாத்தச் சொல்லிவிட்டு அவனை வாகனத்தில் ஏற்றினார்கள். சைக்கிள் திரும்பி வந்தது. இருந்தும் பழக்கம் பழக்கம்தானே. எங்கள் சனம் வீட்டை விட்டு இறங்கும்போது வெறுமனே "போறன்" என்று சொல்வதில்லை. போவதோடு ஒரு வருவதையும் சேர்த்துக் கட்டித்தான் அனுப்புவார்கள். றஜீனாவும் லண்டன் வந்து இருபத்தேழு வருடமாய் எல்லாப் போவதற்கும் ஒரு வருவதைக் கட்டினாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டினாள், கடைக்குக் கட்டினாள், குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கப் போகிற மனுசனுக்கும் கட்டினாள். கிளின்ரனுக்குத் தமிழில் நாற்பது சொல் தெரியும். அதில் இது இல்லை. அவன் சின்ன வயதிலிருந்தே "அம்மா, போறன்" என்பான். அவள் "போட்டு வா" என்று முடித்து வைப்பாள். அன்றைக்கு எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"போ."

ஒரே ஒரு எழுத்து. அவன் போனான்.

ஆள் மேலே நின்றதைக் கண்ட சனம் முதலில் கைதட்டியது. வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். கிறிஸ்துராஜா எழும்பி நின்று பக்கத்துக் கதிரைக்காரனுக்குச் சொன்னார், "பாத்தீங்களே, மற்றவனெல்லாம் தொபுக்கெண்டு விழுந்திட்டான். என்ர மகன் ஆறுதலா நிக்கிறான்." ஐந்து நிமிடம் கழிந்து, பத்து நிமிடம் கழிந்து, கொமிற்றித் தலைவி பமீலா மணிக்கூட்டைப் பார்த்தாள். நிகழ்ச்சி நிரலில் மூன்றரைக்கு இரண்டு நிமிட மௌனம். மௌனத்தைத் தள்ளிப்போட ஏலாது. பொலிஸ் அந்த இரண்டு நிமிடத்துக்கென்று பக்கத்து நோர்த் சேர்க்குலர் வீதியையே மறிக்க ஒத்துக்கொண்டிருந்தது. ஊதுகுழல் ஊதினார்கள். லொறிகள் நின்றன. எட்மண்டனில் ஒருவரும் கேட்டிராத அமைதி வந்து விழுந்தது. பரசூட் துணி படபடக்கிற சத்தம் கீழே கேட்டது. கிளின்ரன் இருமினது கேட்டது.

பார்ட்ரம் சக்கரக் கதிரையிலிருந்து றஜீனாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். பிரசாந்தினி குனிந்து காதுக்குள் மொழிபெயர்த்தாள்.

"அன்ரி, அங்க சண்டையிலயும் ரெண்டு பேர் இப்பிடி மேல நிண்டவையாம். மற்றப் பக்கத்துக்காரர் சுட்டுத்தான் இறக்கினவையாம்."

"ஐயோ."

"கூப்பிட அவையின்ர தாய்மார் அங்க இல்லையாம், அன்ரி. நீங்கள் நிக்கிறியள்தானே, கூப்பிடச் சொல்லுறார். இப்பவே."

பமீலா திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். ஆனால் றஜீனா வாயை மூடினது அந்த விரலுக்கு இல்லை. அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. நிற்கட்டும், ரெண்டு நிமிசம் நிற்கட்டும், அந்த உடுப்பைப் போட்டதுக்கு ரெண்டு நிமிசம் தொங்கிப் படிக்கட்டும் என்று நினைத்தாள். இன்னொன்றும் நினைத்தாள்: அங்கே நிற்கும் மட்டும் ஒருத்தரும் இவனை ஏற்றிக்கொண்டு போக ஏலாது. அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் இனித்தது. இரண்டு நிமிடம் முடிந்தது. ஊதுகுழல் ஊத, ஆயிரம் லொறியும் ஒரேயடியாய்க் கிளம்பின.

அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டாள். தொண்டை கட்டும் மட்டும் கூப்பிட்டாள். சத்தம் ஒரு பனை உயரத்துக்கு மேல் ஏறவில்லை. தீயணைப்பு வண்டியின் ஏணி இரண்டரைப் பனைக்குத்தான் எட்டியது. ஹெலிகொப்டர் வந்தது, அதன் காற்றில் கிளின்ரன் பம்பரம்போலச் சுற்றிச் சத்தி எடுத்தான், எடுத்தது பாண்ட் வாத்தியக்காரருக்கு மேல் விழுந்தது, ஹெலிகொப்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கிறிஸ்துராஜா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"காலமை அவன் வெளிக்கிடேக்க நீ என்ன சொன்னனி?"

"போ எண்டு சொன்னன்."

"போட்டு வா எண்டோ, போ எண்டோ?"

"போ எண்டு."

கிறிஸ்துராஜா நின்ற இடத்திலேயே படியில் குந்தினார். தாய் முறையாகச் சொல்லி அனுப்பின அமலன் வரவில்லை. பாதி சொல்லி அனுப்பின கிளின்ரன் போகவுமில்லை, வரவுமில்லை.

கதை பங்குச் சனத்துக்குள் பரவ ஒரு பூசை போதுமாயிருந்தது. கோயில் ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்ப் பூங்காவில் வைத்து றஜீனாவைக் கூப்பிடச் சொன்னார்கள். கிளின்ரனுக்குக் கேட்டது, கையை ஆட்டினான், இறங்கவில்லை. தகப்பன் ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்; ஆங்கிலத்துக்கு அவன் அசையவே இல்லை. பங்கிலேயே வயதில் மூத்த பெர்னடெற் மாமி சொன்னா, "வாயால விட்டதை வாயாலதான் பிடிக்கவேணும். மைக்கால ஏலாது." வெறும் வாய்ச் சத்தம் அவ்வளவு உயரத்துக்கு ஏற நோர்த் சேர்க்குலர் ஓய வேண்டும், அது நத்தார் அன்றைக்கும் ஓய்வதில்லை. வருடத்தில் இரண்டு நிமிடம்தான் ஓயும், விழா மௌனத்துக்கு. இனி அடுத்த செப்ரெம்பர்.

அந்த வருடம் இப்படிப் போனது. விமானங்களுக்குப் பொறுப்பான அலுவலகம் கிளின்ரனைக் கட்டுமானக் கிரேன் வகையில் பதிந்து, அரை மைலுக்குள் ஒன்றும் பறக்கக்கூடாது என்று அறிவித்தது. அதனால் கல்யாணவீடு படம் பிடிக்கிற கிருஷ்ணமூர்த்தியின் ட்ரோனில் கட்டி அனுப்ப வைத்திருந்த இடியப்பப் பார்சலும் அவனுடைய போனும் அனுப்பப்படவில்லை. போன் றஜீனாவின் கைப்பைக்குள் கிடந்து ஒரு கிழமை அடித்து நின்றது. அவனுக்குப் பசிக்கவில்லை என்பது தூரக்கண்ணாடியில் பார்த்தவர்களின் முடிவு. மார்கழியில் இடது சப்பாத்து உறைந்து கழன்று விழுந்தது. கொமிற்றி அதைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெயரும் எழுதியது. சப்பாத்தில்லாத அந்தக் காலை றஜீனா பஸ் தரிப்பில் நின்று பார்ப்பாள். அவனுக்குப் பேசி வைத்திருந்த ஜதுர்ஷிகா உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, வைகாசியில் வேறொருவரைக் கட்டினாள். மரங்கள் பூத்திருந்ததால் படமெடுக்க அதே பூங்காவுக்குத்தான் வந்தார்கள். அவள் மேலே பார்த்துக் கை காட்டினாள். அவனும் காட்டினான். பார்ட்ரம் தைமாதத்தில் செத்துப்போனார். கிறிஸ்துராஜாவோ முதல் மூன்று மாதம் அழுதார், பிறகு பழகிவிட்டார். பூங்காவடியில் பஸ்சை மெதுவாக்கி, "மேல பாருங்கோ, என்ர மகன்" என்று சனத்துக்குக் காட்டத் தொடங்கினார். ரீவிக்காரர் வந்தபோது கோட் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆவணியில் பமீலா வீடு தேடி வந்தாள். கையில் பூங்கொத்தும் ஒரு கடதாசியும். உயிரோடிருந்த கடைசிச் சிப்பாயும் போய்விட்டாராம், இனி விழாவுக்குக் கிளின்ரன்தானாம், அவனைப் பார்க்க நாலு மடங்கு சனம் வருமாம். றஜீனாவுக்கு முன்வரிசையில் கதிரை, நெஞ்சில் குத்த ஒரு பட்டி. மௌனத்தை மட்டும் கலைக்கக்கூடாது, அதற்கு இந்தக் கையெழுத்து. றஜீனா வைத்தாள். அகதியாய் வந்த நாளிலிருந்து நீட்டின கடதாசிக்கெல்லாம் கையெழுத்து வைத்துப் பழகின கை அது.

2025 செப்ரெம்பர் இருபதாம் திகதி விழா நடந்தது. குதித்த பதினொரு பேரும் கிளின்ரனைச் சுற்றி, அவனுடைய கயிற்றில் முட்டாமல், மரியாதையாக இறங்கினார்கள். பார்ட்ரமின் சக்கரக் கதிரையை வெறுமனே வைத்து அதன்மேல் அவருடைய தொப்பியை வைத்திருந்தார்கள். மூன்றரைக்கு ஊதுகுழல் ஊதியது. வீதி நின்றது. எல்லாரும் தலை குனிந்தார்கள். றஜீனா கதிரையில் ஏறி நின்றாள்.

"கிளின்ரன்! வாடா மோனை! போட்டு வா எண்டு சொல்லுறன், கேக்குதே? வா!"

அந்தக் குரலுக்கு மரத்தில் நின்ற புறாக்கள் எழும்பின. செத்துப்போன தகப்பன்மாரின் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நின்ற நரைத்த தலைகள் திரும்பின. "வெட்கமில்லையா உனக்கு?" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கத்தினார். அவரும் மௌனத்தைக் கலைத்தார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கிறிஸ்துராஜா அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், "இறங்கு, இறங்கடி, எல்லாரும் பாக்கினம்!" அப்போது மேலேயிருந்து, ஒரு வருடமாய் ஒருவரும் கேட்டிராத அந்தக் குரல், தெளிவாக வந்தது.

"வாறன் அம்மா!"

கோயில் சனம் சிலுவை போட்டுக்கொண்டது. சிலர் அழுதார்கள், சிலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பெர்னடெற் மாமி முழங்காலில் விழுந்துவிட்டா. றஜீனா மட்டும் கதிரையிலிருந்து இறங்கி, உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தாள். அவளுக்கு அந்த "வாறன்" தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து மாடி அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, காதில் ஹெட்போனோடு, கொம்பியூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்ன அதே "வாறன்". அந்த இழுவைகூட மாறவில்லை. சோறு ஆறும், மீன்குழம்பு ஆடை கட்டும், ஆள் வரமாட்டான். இரண்டாந்தரம் கூப்பிட்டால் "ம்" என்பான். மூன்றாந்தரம் கூப்பிட்டால்தான் படியில் கால் சத்தம் கேட்கும். இரண்டு நிமிடம் முடிந்தது. ஊதுகுழல் ஊதியது. ஒரு கால் சப்பாத்தோடும் மறுகால் வெறுமையாகவும் கிளின்ரன் நாலு பனை உயரத்தில் நின்றான்.

அடுத்த கிழமை கொமிற்றியிடமிருந்து கடிதம் வந்தது. செத்தவர்களை அவமதித்ததற்காகவும் கையெழுத்தை மீறினதற்காகவும் றஜீனா ஐந்து வருடத்துக்கு விழாவன்று பூங்காவிலும் சுற்றுவட்டாரத் தெருக்களிலும் நிற்கக்கூடாது. கிறிஸ்துராஜாவுக்குத் தடையில்லை, அவருக்கு முன்வரிசைக் கதிரை அப்படியே இருந்தது. றஜீனா கடிதத்தை மடித்துக் குசினி லாச்சிக்குள் வைத்தாள்.

இப்போது எட்மண்டனில் புதிதாக வீடு எடுக்கிறவர்கள்தான் கிளின்ரனை அண்ணாந்து பார்க்கிறார்கள். மற்றவர்கள் மழை வருமா என்று அறிய அவனுடைய பரசூட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதோடு சரி. றஜீனா தினமும் ஏழு மணிக்கு ஒரு தட்டில் சோறு போட்டு இன்னொரு தட்டால் மூடி வைக்கிறாள். காலையில் எடுத்துச் சூடாக்கித் தானே சாப்பிடுகிறாள். போன கிழமை பஸ் தரிப்பில் நின்றபோது பிரசாந்தினி கேட்டாள்.

"தம்பி எப்ப இறங்குவாராம், அன்ரி?"

"வாறன் எண்டவன்," என்றாள் றஜீனா. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "தடை முடிய, முப்பத்தோராம் ஆண்டு ரெண்டாந்தரம் கூப்பிடுவன், அதுக்கு 'ம்' எண்டுவான். முப்பத்திரெண்டில இறங்கிடுவான்."