சோம்பேறி லென்ஸுக்கு வேகம் வந்த கதை

1

கேமரா வாங்கலாம் என்று உட்கார்ந்தவன் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கேமரா எந்த லென்ஸோடு சேர்ந்தால் சீக்கிரம் ஃபோகஸ் ஆகிறது, எது சரியாக ஆகிறது என்று மூன்று வாரம் ஒப்பீட்டு அட்டவணைகளாகப் படித்தேன். வேகமானது குறி தப்புகிறது, தப்பாதது தாமதிக்கிறது என்றார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. கேமரா வாங்கவில்லை. இந்த அட்டவணைகளை உட்கார்ந்து போடுகிறவர் யாராக இருக்கும் என்ற யோசனைதான் மிச்சம். அதிலிருந்து வந்தவள்தான் இந்தக் கதையின் தங்கை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலை வெளிச்சம் லென்ஸின் மேல் மெல்லப் படிந்து, ஒரு—"

வேண்டாம். வெளிச்சம் எங்கே வேண்டுமானாலும் படியட்டும். ஆள் வரட்டும்.

தங்கைக்கு, புதிய கேமராக்களைச் சோதித்துப் பத்திரிகையில் எழுதுகிற வேலை. சோதனை நடப்பது அலுவலகத்தின் மூன்றாம் மாடி வராந்தாவில். அந்தக் கோடியில் தரையில் ஒட்டிய ஒரு டேப், இந்தக் கோடியில் ஒரு டேப். அவளுடைய அண்ணன் அங்கிருந்து இங்கே நடந்து வருவார். அவள் பொத்தானை அழுத்திப் பிடித்துப் படங்களாக எடுத்துத் தள்ளுவாள். பிறகு கணினியில் ஒவ்வொரு படத்திலும் அவர் கண்ணை மட்டும் பெரிதாக்குவாள். இமை மயிரை எண்ண முடிந்தால் 'சரி', முடியாவிட்டால் 'தப்பு'. நூற்றுக்கு எத்தனை சரி என்பதுதான் மதிப்பெண்.

ஆறு வருடமாக அதே அண்ணன், அதே கட்டம் போட்ட சட்டை. (ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும் என்பாள். அதோடு, கூப்பிட்டதும் வருகிறவர் அவர் ஒருவர்தான்.) அதே கட்டடத்துக்கு அவர் எலக்ட்ரீஷியன், ஏணியும் கையுமாக அலைகிறவர்.*

* முதல் வரைவில் அண்ணன் ஒரு குமாஸ்தா. குமாஸ்தா எப்படி நடந்தால் யாருக்கு என்ன? அதனால் ஏணியைக் கொடுத்தேன். கொடுத்த பிறகு எனக்கே பயமாக இருக்கிறது.

3

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரு பழைய லென்ஸைப் பழைய கேமராவில் மாட்டி எடுப்பாள். அதற்கு அவள் வைத்த பெயர் சோம்பேறி. நூற்றுக்கு நாற்பத்தெட்டை அது தாண்டியதே இல்லை. இந்த வருடம் தாண்டியது. ஐம்பத்தேழு. அடுத்த சோதனையில் அறுபத்தாறு. போன வாரம் எழுபத்தொன்பது.

"அண்ணா, சோம்பேறிக்கு உயிர் வந்துடுச்சு!"

"உன்கிட்ட மாட்டிக்கிட்டா கல்லுக்கே உயிர் வந்துடும். லென்ஸ் எந்த மூலைக்கு?"

ஆனால் வயதானால் லென்ஸுக்கு வேகம் வருமா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லென்ஸைத் துடைத்தாள். வெளிச்சத்தை அளந்தாள். கடைசியில் படங்களை எண்ணினாள். அந்தப் பழைய கேமரா நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். முன்பெல்லாம் அண்ணன் வந்து சேர்வதற்குள் எண்பது படம். இப்போது நூற்றிருபது.

லென்ஸ் வேகமாகவில்லை. அண்ணன் மெதுவாகியிருக்கிறார். மெதுவாக வருகிற ஆளைச் சோம்பேறியும் பிடித்துவிடும்.

ஆறு வருடமாக அவர் கண்ணைப் பார்த்திருக்கிறாள், காலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. (இங்கே 'அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். அவளுக்கு அழுகை வந்தது, அவ்வளவுதான்.) தூரத்தில் எடுத்த முதல் சில படங்களில் கால் தெரிந்தது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அசையாத படத்தில் எது நொண்டல், எது நடை என்று யார் சொல்வது?

4

முடிவு ஒன்று: அண்ணனுக்குக் காலில் ஏதோ ஆகியிருக்கிறது. தெரிந்தால் ஏணி ஏற விடமாட்டார்கள் என்று மறைக்கிறார்.

முடிவு இரண்டு: மதிப்பெண் குறைந்த ஒரு நாளில் தங்கையின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வேண்டுமென்றே மெதுவாக வருகிறார். செய்யக்கூடியவர்தான். சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் அவளுக்கு விட்டுக்கொடுத்தவர்.

எது நிஜம்? எழுதுகிறவனுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். நான் மதில் மேல் பூனை.

5

சரி, அவளையே கேட்கவைத்தேன்.

"அண்ணா, கால் வலிக்குதா?"

"யாருக்கு?"

"எனக்கா? உனக்குத்தான். ஏன் இவ்வளவு மெதுவா நடக்கிற?"

"எப்பவும் போலத்தானே நடக்கிறேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு முடிவுக்கும் பொருந்துகிறது. அதுதான் தொல்லை.

"அப்போ இந்தத் தடவை வேகமா வா. உன்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமா."

"மார்க் குறையுமே?"

"குறைஞ்சா குறையட்டும்."

அண்ணன் அந்தக் கோடிக்குப் போய் டேப்பின் மேல் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாள். ஃபோகஸைக் காட்டும் பச்சைக் கட்டம் ஓடிப்போய் அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது.

"வரட்டுமா?"

அவள் கேமராவைக் கீழே இறக்கினாள்.

"வா."

அண்ணன் வலது காலைத் தூக்கி—

இதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் நான் அவரை ஏதாவது ஒரு விதமாக நடக்கவைத்துவிடுவேன். எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் அவள் பக்கத்தில் இந்த டேப் அருகே வந்து நில்லுங்கள். வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது. காலைப் பாருங்கள். முகத்தைப் பார்த்துப் பயனில்லை, அவர் எப்படியும் சிரித்துக்கொண்டேதான் வருவார்.