ஒல்லியாக விட வேண்டிய இடம்

தி.நகரில் கிரீஷ் கட்டிய பெண்கள் விடுதி முழுக்க இரும்புச் சட்டம். தூணுக்குத் தூண் கோணலாக ஓடும் தாங்குகம்பிகளின் நடுப்பாகத்தை வேண்டுமென்றே ஒல்லியாக வரைந்து கொடுத்திருந்தாள் இன்ஜினியர் நீரஜா. நிலம் ஆடினால் அந்த ஒல்லிப் பாகம் இழுபட்டு, நசுங்கி, ஆட்டத்தையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். தூணுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் போல்ட்டைக் கழற்றி வேறு கம்பி மாட்டினால் தீர்ந்தது வேலை. வீட்டு ஃபியூஸ் மாதிரிதான். "பூமியே புரண்டாலும் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று திறப்பு விழாவில் மைக் பிடித்துச் சொன்னவளும் அவள்தான்.

போன வாரம் ஒரு காலையில் சென்னை லேசாகக் குலுங்கியது. காபி தளும்பியதோடு சரி. ஆனாலும் கிரீஷ் பயந்துபோய் நீரஜாவை வரச் சொன்னான். மாடி வராந்தாவில் கம்பியை மூடியிருந்த பலகையைக் கழற்றி அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒல்லிப் பாகத்தின் மேல் தடித்த தகடு, சுற்றிலும் சுத்தமான வெல்டிங். அடுத்த பலகைக்குப் பின்னாலும் அதே. ஃபியூஸில் விரல் மொத்தத்துக்குக் கம்பி சுற்றிய கதைதான். பெரிய ஆட்டம் வந்தால் இது மசியாது, தூண்தான் போகும்.

"யார் பண்ண வேலை இது?" கிரீஷ் கத்தினான். இரும்பு வேலை செய்த வேதநாயகத்தை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து வரவழைத்தான்.

அவர் வந்து சேருவதற்குள் நீரஜாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. விடுதி கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள், பாண்டி பஜார் புடவைக் கடை. மயில் கழுத்தா, மாம்பழ மஞ்சளா என்று திண்டாடிக்கொண்டிருந்தபோது வேதநாயகத்தின் போன். "நடுவுல ஒல்லியா கீது மேடம், ஒரு பிளேட் அடிச்சுடட்டுமா?" "அடிச்சுடுங்கோண்ணா. ஸ்ட்ராங்கா இருந்தா சரி." என்ன கேட்டார் என்றுகூடக் காதில் வாங்கவில்லை, பாவி. சரிபார்க்க வந்த அன்றும் பலகையைத் திறக்கச் சொல்லாமல், மேல் பெயிண்டைத் தடவிப் பார்த்து "நன்னாயிருக்கு" என்று கிளம்பிவிட்டாள்.

வேதநாயகத்தோடு அவர் மகள் ஜெனிதாவும் வந்தாள். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

"படத்துல இருக்கறபடி செய்யத் தெரியாதாய்யா? இத்தனை பொண்ணுங்க உன்னை நம்பித் தூங்கறாங்க! இனிமே என் சைட் எதுலயும் கால் வைக்காதே." கிரீஷின் சத்தத்துக்கு அறைக்கதவுகள் திறந்தன.

வேதநாயகம் நீரஜாவை ஒரு தரம் பார்த்தார். அவள் குனிந்து டேப்பை இழுத்து, அளக்கத் தேவையே இல்லாத எதையோ அளந்தாள். சொல்லு, சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது.

"எம்மேலதான் தப்பு சார்" என்றார் அவர். ஜெனிதா அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இருவரும் படியிறங்கினார்கள்.

அப்புறம்தான் நீரஜாவுக்கு வாய் திறந்தது. "கிரீஷ் சார், அவர் போன் பண்ணிக் கேட்டார். அடிக்கச் சொன்னது நான்தான்."

கிரீஷ் சிரித்தான். "உங்களுக்குப் பெரிய மனசு மேடம். அந்தாளைக் காப்பாத்தப் பாக்கறீங்க. நீங்களே நல்ல ஆளா வெச்சு மாத்திக் குடுங்க. அடையாறு கட்டடமும் உங்களுக்குத்தான்."

"காப்பாத்தலை சார், நிஜம்!" அவன் கையசைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் கீழே ஓடினாள். வேன் கிளம்பத் தயாராக இருந்தது. ஸ்டியரிங்கில் ஜெனிதா.

"அண்ணா, நான்தான் அடிக்கச் சொன்னேன்னு சொன்னேன், நம்பமாட்டேங்கறார். மேல வாங்கோ, எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"வேணாம் மேடம்." வேதநாயகத்தின் குரலில் கோபமே இல்லை. "எம் பொண்ணு பக்கத்துல நான் நின்னுக்கினு இருந்தப்போ சொல்லியிருந்தா அது உண்மை. இப்போ சொன்னா, பாவப்பட்டு சொல்ற மாதிரிதான் கீது. இன்னா பண்றது. சீக்கிரம் கம்பியை மாத்திடுங்க, மேல பொண்ணுங்க கீறாங்க."

ஜெனிதா நிமிர்ந்து நீரஜாவைப் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.