கருக்கப் பலகை இல்லாத காலை

மாடியேற முட்டி மறுத்துவிட்டதால், கீழேயே ஒரு படுக்கையறையைச் சேர்த்துக் கட்ட முடிவுசெய்தார் கென்சாகு. ஒற்றை ஆளுக்கு ஓர் அறை. மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. ஊரோ ஒரு ஜப்பானியத் தீவு, உப்புக்காற்றைத் தாங்க வேண்டுமென்றால் வெளிச்சுவருக்குத் தீயில் கருக்கிய சுகி மரப் பலகைதான். தச்சர் ஹிராதா சுவரெழுப்ப, கருக்கும் வேலையைக் கென்சாகு தானே ஏற்றுக்கொண்டார்.

நெருப்பு வைக்குமுன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். கையில் கொடுப்பதற்குக் காகிதம் சுற்றிய ஒரு கைத்துண்டு, வாயில் ஒரு மன்னிப்பு. அதுதான் முறை. ஆனால் சுற்றிலும் பூட்டிய வீடுகள். பூட்டிடமா மன்னிப்புக் கேட்பது? மிஞ்சியது தோயோகோவின் வீடு ஒன்றுதான். புருஷன் இறந்த பிறகு அவள் யாரோடும் ஒட்டுவதில்லை. வழியில் பார்த்தால் தலை குனிவாள், இவரும் குனிவார், அத்தோடு சரி.

"புகை வரும். காயப்போட்ட துணியைக் கொஞ்சம் உள்ள எடுத்துட்டீங்கன்னா..."

"இந்த வயசுல நெருப்போட விளையாட்டா?" என்றாள் தோயோகோ, துண்டை வாங்கிக்கொண்டே. "வீட்டையும் சேத்துக் கொளுத்திடாதீங்க. காத்தைப் பாத்துப் பத்த வைங்க."

வீடு திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. தன்னை ஒருவர் திட்டியே எவ்வளவு காலமாயிற்று! சுகமாகத்தான் இருந்தது.

மூன்று பலகைகளை முக்கோணக் குழாய்போலக் கம்பியால் கட்டி, அடியில் செய்தித்தாளைத் திணித்துப் பற்றவைத்து நிமிர்த்தினால், தீ உள்ளுக்குள்ளேயே உறுமிக்கொண்டு மேலேறும். நன்றாகக் கருகியதும் சாய்த்து, கம்பியை அறுத்து, தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"போதும், சாயுங்க! அடுப்புக்கரியா பண்றீங்க?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தோயோகோ கத்தினாள்.

விறுவிறுப்பான ஆளென்றால் ஓரிரு நாளில் முடித்துவிடுவான். நம் ஆளோ நாளுக்கு ஒரு கட்டுதான் எரித்தார். தினமும் காலையில் போய்க் கதவைத் தட்டுவார். "இன்னிக்கும் கொஞ்சம் புகை வரும்." அவளும் காற்றைப் பற்றி, மரத்தைப் பற்றி ஏதாவது சொல்லித் திட்டுவாள். அன்றைய பொழுது அதை வைத்துக்கொண்டு ஓடிவிடும்.

ஹிராதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கென்சாகு-சான், பலகை கருக்குறீங்களா, மீன் சுடுறீங்களா? குளிர் வந்துடும்."

"முட்டி வலிக்குதுப்பா," என்று கூசாமல் புளுகினார் கென்சாகு.

எவ்வளவு இழுத்தாலும் பலகைக்கும் ஒரு முடிவு உண்டே. கடைசி ஆணியை அடித்துவிட்டு ஹிராதா சுவரைப் பெருமையாகத் தட்டினார். "பிரமாதம். இனி உங்க காலத்துக்கும் இதைத் தொட வேணாம். ஒருத்தரும் எட்டிப் பாக்க வேண்டியதில்ல."

அவர் சொன்னது நல்ல வார்த்தைதான். கென்சாகுவோ அவரைத் தாண்டித் தோயோகோவின் வேலியைப் பார்த்தார்.

மறுநாள் காலை கால்கள் தாமாக அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. "இன்னிக்கும் கொஞ்சம்..."

"எதைக் கருக்கப்போறீங்க?" தோயோகோ அவர் தோளுக்கு மேல் பார்த்தாள். புதுச் சுவர் ஒரு பலகை குறையாமல் கன்னங்கரேலென்று நின்றது.

கென்சாகுவுக்கு முகம் சிவந்தது. "எதையும் இல்ல. தனியா இருக்க முடியல. உங்க கதவைத் தட்ட வேற சாக்கும் கிடைக்கல."

அவள் சிரிக்கவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

உட்கார்ந்தாயிற்று. தேநீரும் வந்தது. பேசத்தான் ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை நாளும் பேசியதெல்லாம் பலகையைப் பற்றித்தானே! இருவரும் அவரவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்குத் தன் வீடே தேவலை என்று நினைத்து, எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார்.

"ராத்திரியில தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று கேட்டாள் தோயோகோ.

ஊன்றிய கையை எடுத்துவிட்டு அவர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வர்றதில்ல."

"எனக்கும்தான்," என்றாள் அவள். அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.