மீர்ஸாவைப் பார்க்கப் போனேன்

எனக்கு இரண்டு புருஷன்கள். முதலாமவன் அஸ்கர், லாரி ஓட்டுகிறவன். நாற்பது வயதில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான். இரண்டாமவன் மீர்ஸா. அவன் வயது ஆயிரத்துக்கு மேல். மலையடியில் பிறந்து, மண்ணுக்குள்ளேயே நடந்து, எங்கள் ஊர் முகப்பில் வந்து தலைநீட்டும் தண்ணீர்ச் சுரங்கம் அவன்.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்துச் சுரங்கங்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆணுக்குத் துணை இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு வற்றிவிடும். அதனால் ஊரில் ஒரு விதவையைப் பார்த்து முறைப்படி நிக்காஹ் செய்துவைப்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் வெள்ளை முக்காடு, கண்ணாடி, கற்கண்டு என்று ஒரு குறையும் இல்லாமல் எனக்கு நடந்தது. அறுவடையில் வீட்டுக்கு வீடு கோதுமை வந்துவிடும். பதிலுக்கு நான் வாரம் ஒருமுறை அவன் தண்ணீரில் இறங்கிக் குளிக்க வேண்டும். முதலாமவனைவிட இவன் எவ்வளவோ மேல். குறட்டை கிடையாது, உப்பு குறைவு என்று தட்டைத் தள்ளுவதும் கிடையாது.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. சுரங்கத்தின் தலைக்கு மேலே வரிசையாகக் கிணறுகள் இருக்கும், காற்றுக்கும் மண் அள்ளுவதற்கும். முகப்பிலிருந்து மூன்றாவது கிணற்றின் ஓரத்தில் ஓர் அத்திக் கன்றை நட்டேன். புதுப்பெண் கொண்டுபோன சீர் அது. மூன்றே வருஷத்தில் தேனாய்ப் பழுத்தது. கோடை வந்தால் கூடை கூடையாகப் பறித்து, “என் வீட்டுக்காரர் குடுத்தது” என்று ஊருக்கெல்லாம் கொடுப்பேன்.

இந்த வசந்தத்தில் மீர்ஸா இளைத்தான். முழங்கால் வரை வந்துகொண்டிருந்த தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. சுரங்கம் தோண்டும் எய்வஸ் மேல்கிணறுகள் எல்லாவற்றிலும் இறங்கிப் பார்த்தான். அங்கேதானே மண் சரியும். முகப்புப் பக்கம் கல்லைக் குடைந்தது, அது அசையாது என்று யாருமே எட்டிப் பார்க்கவில்லை.

“மேல தண்ணி நல்லாத்தான் ஓடுது. இங்கதான் வரமாட்டேங்குது” என்றான் எய்வஸ்.

போதாதா? ஊர்த்தலைவர் மஷ்தி ஸெய்னல் தாடியைத் தடவினார். “இருக்கு, ஆனா குடுக்கலன்னா என்ன அர்த்தம்? மனுஷன் பொண்டாட்டிமேல கோவமா இருக்கான். தூபா, நெஜத்தைச் சொல்லு. குளிக்க ஒழுங்கா எறங்குனியா?”

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். பனிக்காலத்தில் இரண்டு மாதம் மூட்டுவலி என்று நான் இறங்கவே இல்லை. அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகை முடிந்ததும் என்னைத் தலாக் சொல்லிவிட்டு, ஸஃபூராவை அவனுக்குக் கட்டிவைப்பதாக முடிவானது. ஸஃபூரா அடுத்த தெரு, போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள். வியாழக்கிழமையே கையில் மருதாணி வைத்துவிட்டாள், பாவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோதுமை போனால் போகட்டும். மீர்ஸாவின் மனைவி என்றுதான் இந்த ஊரில் எனக்குப் பேர். அது போனால் நான் யார்?

வெள்ளி காலையில் ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“ஏழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், அவர் வீட்டு உள்ளாற இன்னும் நான் பாத்ததில்ல. ஒரு தடவை நேர்ல பாத்துப் பேசிட்டு வர்றேன். அப்புறமா தலாக் சொல்லுங்க.”

“பொம்பள சுரங்கத்துக்குள்ள போறதா?”

“புருஷன் வீட்டுக்குப் பொண்டாட்டி போகாம, நீங்களா போவீங்க?”

திண்ணையில் உட்கார்ந்திருந்த எய்வஸ் பக்கென்று சிரித்துவிட்டான். அதோடு காரியம் முடிந்தது. “நான் கூட்டிட்டுப் போறேன். வாங்க அண்ணி” என்றான். நாற்பது வயது மீசைக்காரன். மீர்ஸாவை அண்ணன் என்பான், என்னை அண்ணி என்பான்.

சுரங்கத்துக்குள் போகிறவர்கள் வெள்ளை உடுத்துவார்கள். திரும்பி வராவிட்டால் அதுவே கஃபன் துணி, பிணத்துக்குச் சுற்றுவது. எய்வஸ் வெள்ளை உடுத்தியிருந்தான். நான் என் கல்யாண முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முகப்பில் பாதி ஊர் கூடியிருந்தது. அந்தக் குட்டை வாசலில் குனிந்து நுழைந்தபோது, ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. புகுந்த வீட்டுப் படியை மிதிக்கிற புதுப்பெண்ணுக்குக்கூட அப்படி அடித்துக்கொள்ளாது.

உள்ளே என்ன குளிர்ச்சி! விளக்கு வெளிச்சத்தில் சுவர் முழுக்கக் கடப்பாரைத் தடம், யாரோ நேற்றுத்தான் கொத்திவிட்டுப் போனதுபோல. காலுக்கிடையில் வெள்ளி நிறத்தில் குட்டி மீன்கள் ஓடின. “ஐயோ, மீனெல்லாம் இருக்கு!” என்று கத்தினேன். என் குரல் போய்ச் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது.

“உங்க கொழுந்தனாருங்கதான் அண்ணி. மெதுவா, தலை பத்திரம்.”

முதல் கிணற்றின் அடியில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு தட்டளவு வானம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை அழகான வீட்டை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறானே! மூட்டுவலியைப் பற்றி மெல்லிய குரலில் அவனிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். எய்வஸ் காதில் விழாததுபோல நடந்தான்.

மூன்றாவது கிணற்றை எட்டும்போது அவன் நின்றான். விளக்கை உயர்த்தினான்.

வழியே இல்லை. தரையிலிருந்து கூரை வரை, பழுப்பு முடியை அவிழ்த்துப் போட்டதுபோல வேர். இண்டு இடுக்கெல்லாம் சேற்றால் அடைந்து கிடந்தது. அடியில் கை நுழையும் ஓட்டையில் மட்டும் தண்ணீர் கசிந்தது. எய்வஸ் ஒரு வேரைக் கத்தியால் கீறினான். பால் வடிந்தது. விரலில் தொட்டேன், பிசுபிசுத்தது. முகர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

“நம்ம அத்தி” என்றேன்.

நான் கொடுத்த சீர் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. குளிக்காததற்கு அவன் கோபித்துக்கொண்டான் என்றால்கூடப் பரவாயில்லை. இதை எங்கே போய்ச் சொல்வேன்?

எய்வஸ் மீசையைக் கடித்தான். “அண்ணி, நான் வாயத் தொறக்கமாட்டேன். கல்லு சரிஞ்சு அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிடுறேன். வேரை இங்கயே அறுத்துருவோம். மரம் பாட்டுக்கு மேல நிக்கட்டும்.”

“மறுபடி வளராதா?”

“வளரும். ரெண்டு வருஷமாகும்.”

முதலில் அறுந்த வேர்க்கற்றையை என் முக்காட்டு முனையில் சுற்றி முடிந்துகொண்டேன். இரண்டு பேருமாக வெட்டினோம், இழுத்தோம், பிய்த்தோம். அந்தப் பக்கம் ஏதோ முனகியது.

“அண்ணி, ஓடுங்க!”

ஓடினேன். என் மூட்டு எங்கே போனதோ தெரியாது. பின்னால் உறுமிக்கொண்டு வந்த தண்ணீர் முதுகில் ஓங்கி அறைந்து, விளக்கை அணைத்து, என்னை உருட்டிக்கொண்டு போய் முகப்புக்கு வெளியே ஊர்க்காரர்கள் முன்னால் தொப்பென்று போட்டது. எய்வஸ் என் மேலேயே வந்து விழுந்தான்.

பெண்கள் குலவையிட்டார்கள். தொப்பிகள் பறந்தன. மஷ்தி ஸெய்னல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, “மனசு எறங்கிட்டான்! பொண்டாட்டி நேர்ல போய்க் கேட்டதும் எறங்கிட்டான்!” என்று குதித்தார். ஸஃபூரா மருதாணிக் கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். ஊரே என் பேரைச் சொல்லிக் கத்தியது. வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு நிமிஷம் வந்ததே இல்லை. பேசாமல் இருந்திருந்தால் போதும்.

எய்வஸ் என்னைப் பார்த்தான். நான் சேறும் தண்ணீருமாக எழுந்து, பக்கத்திலேயே இருந்த எய்வஸ் வீட்டுத் திண்ணையில் சாத்தியிருந்த கோடரியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். ஊர் பின்னாலேயே வந்தது. அத்தியில் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு. முதல் வெட்டைப் போட்டதும் மஷ்தி ஸெய்னல் அலறினார்.

“ஏய், பைத்தியமா உனக்கு? காய்ச்சுக் குலுங்குற மரத்தைப் போயி!”

முக்காட்டில் சுற்றி வைத்திருந்த வேர்க்கற்றையை அவர் காலடியில் போட்டேன். “அவர் கோவப்படல. இதுதான் அவர் கழுத்தப் புடிச்சிருந்துச்சு. நட்டது நான். இப்ப தலாக் சொல்றதுன்னா சொல்லுங்க.”

மஷ்தி ஸெய்னல் வேரைக் குனிந்து பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தாடியைத் தடவினார். ஸஃபூராதான் முதலில் பேசினாள்.

“நாலு வருஷமா கூடை கூடையா தின்னப்ப யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? தலைவரு வீட்டுக்குத்தான் ரெண்டு கூடை போச்சு. எனக்கு இந்தப் புருஷன் வேணாம்பா. இவனுக்காக இவ்வளவு சண்டை போட என்னால ஆகாது.” சொல்லிவிட்டு, மருதாணிக் கையோடு கிளையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

மஷ்தி ஸெய்னல் இருமினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “கோடரிய இங்க குடு, தூபா” என்றார்.

கொடுக்கவில்லை. மரத்தை நானேதான் வெட்டிச் சாய்த்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

தொழுகைக்கு அழைப்பு வந்து எல்லோரும் போனபிறகு முகப்பில் இறங்கினேன். தண்ணீர் தெளிந்து மறுபடி முழங்காலுக்கு மேல் ஓடியது. கழுத்து வரை உட்கார்ந்தேன். குளிர் எலும்பில் இறங்கியது.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். ஏழு வருஷமும் அப்படித்தான், நான் கொடுத்ததைச் சுமந்துகொண்டு வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறான்.