ஹெக்ரர் தலை வைத்த மடி

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். சிறுவர் சஞ்சிகை ஒன்றின் விலங்குகள் பக்கத்துக்குப் பெரிய வேட்டைநாய் இனம் ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். வரலாறு, தோற்றம், குணம் என்று மூன்று தலைப்புகள். பிள்ளைகள் வாசிப்பார்கள், பயமுறுத்திவிட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டையும் ஒரே இருப்பில் எழுதினேன். குணத்துக்கு வந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள்.

[எங்கே நின்றாள்? தாளின் ஓரத்தில் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் எனக்கு வெட்டிய வாழைக்குலையின் கயர் மணத்தது.]

2

வரலாறு. பிளட்ஹவுண்ட் என்ற இந்த நாயைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய மடம் ஒன்றின் துறவிகள் வளர்த்தார்கள். முதலில் அது மானைத் தேடியது. பிறகு மனிதரைத் தேடியது. வழி தவறியவரையும் தப்பி ஓடியவரையும் ஒரே கவனத்துடன் தேடியது. யாருக்காகத் தேடுகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துக்கு ஒன்று வந்தது. (நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.) கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற குருநகர் சந்தியோகு, கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன குட்டியைக் கொண்டுவந்து ஹெக்ரர் என்று பெயர் வைத்தார். மீன்தலையும் சோறும் தின்று வளர்ந்தது.

தோற்றம். கன்றுக்குட்டி அளவு. கருப்பும் செம்மண் நிறமும். தன்னைவிடப் பெரிய நாயின் தோலை இரவல் வாங்கி உடுத்ததுபோல உடம்பெங்கும் மடிப்பு. உந்த நாயை ஒருக்கா அயன் பண்ணுங்கோ அண்ணை என்று ஒழுங்கையில் நின்ற பெடியள் சந்தியோகுவைப் பகிடி பண்ணுவார்கள். அது தலை குனிந்தால் நெற்றித் தோல் இறங்கிக் கண்களை மூடிவிடும். அதன் பிறகு உலகம் அதற்கு மணம் மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் கோயில் வளவில் ஒரு விளையாட்டு நடக்கும். ஒரு பிள்ளை ஒளிந்துகொள்ள, அதன் சட்டையை ஹெக்ரருக்கு மணக்கக் கொடுப்பார்கள். கண்டுபிடித்ததும் குரைக்காது. அந்தப் பிள்ளையின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே இருக்கும். ஒருநாளும் ஆள் மாறியதில்லை.

3

குணம். பிளட்ஹவுண்ட் சாதுவானது. தான் தேடிக் கண்டுபிடித்தவரை அது ஒருபோதும்—

இந்த இடத்தில்தான் ஞானாம்பிகை வந்தாள். நீர்வேலிக்காரி. கணவன் தியாகராசாவுக்கு வாழைத்தோட்டம். ஒரே மகன் தயாபரன். 1989இல் ஒரு காலை, சந்தைக்குக் கொண்டுபோகக் குலைகள் கட்டிய சைக்கிள் வேலிப் படலையில் சாய்ந்தபடி நின்றது. அவனைக் காணவில்லை.

கூட்டிப்போனது யார்? அது போர்க்காலம், துவக்கு வைத்திருந்தவர்கள் பலர்; மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எந்தப் பெயரை எழுதினாலும் அடுத்த வசனம் வர மறுத்தது. மூன்றையும் வெட்டினேன். ஆகவே இந்தக் கதையில் அவனைக் காணாமற்போகச் செய்தது யாரென்று கேட்டால், இப்போதைக்கு நான்தான்.

4

செய்தி காதில் விழுந்ததும், நாயைக் கொண்டுவருவதாகச் சந்தியோகு சொல்லியனுப்பினார். மகன் கடைசியாகக் கழற்றிய சட்டையைத் தோய்க்க வேண்டாம், வேறொருவரும் தொட வேண்டாம், அவன் நடந்த வழியை அப்படியே விடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

ஞானாம்பிகை எல்லாவற்றையும் கேட்டாள். ஆனால் அவளுக்கு வருவது நாய் அல்ல. அவளுடைய ஒழுங்கை முகப்பில் வைரவர் சூலம் இருக்கிறது. நாய் அவருடைய வாகனம். அவர் வருகிற வீட்டை அழுக்காக வைத்திருப்பது எப்படி? விடியவே முற்றத்துக்குச் சாணகம் தெளித்தாள். வாசலிலிருந்து படலைவரை கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். வடைமாலை கோத்து வைத்தாள்.

தட்டிவானில் வந்து இறங்கிய சந்தியோகு படலையில் அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, கழுவின வீட்டிலை இவன் என்னத்தை மணக்கிறது?"

அவள் சட்டையை நீட்டினாள். அதைக் கழுவவில்லை. ஆனால் அவன் போன நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

உச்சிவேளை. வாழை இலைகூட அசையவில்லை. ஹெக்ரர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தது. நெற்றித் தோல் இறங்கியது. முற்றத்தைச் சுற்றியது, படலைக்குப் போனது, சைக்கிள் நின்ற இடத்தில் நீண்ட நேரம் நின்றது. பிறகு மஞ்சள் ஈரத்தின் மேலே திரும்பி நடந்து வந்து, வாசலில் குந்தியிருந்த ஞானாம்பிகையின் மடியில் தலையை வைத்தது.

அதன் வால் மெல்ல ஆடியது.

"சட்டையிலை உங்கடை மணம் ஏறிட்டுது. அதுதான் தங்கச்சி." சந்தியோகுவுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப என்னிலை அவன்ரை மணம் இருக்கு, என்ன?"

அவர் யோசிக்காமல், "ஓம்" என்றார்.

[அந்த ஓமை வெட்டிப் பார்த்தேன். வெட்டினால் அவள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.]

5

அன்றிலிருந்து அவள் குளிக்கவில்லை.

கைகால் முகம்கூடக் கழுவவில்லை. சட்டை பெட்டிக்குள் போய்விட்டது. அது இனி அவளுக்குத் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எட்ட நின்று கதைத்துவிட்டுப் போனார்கள். தியாகராசா மாதக்கணக்கில் பொறுத்தார். பிறகு, மகன் ஆவியாய் அந்தரித்துத் திரிய வேண்டாம் என்று, தர்ப்பையில் உருவம் செய்து கிரியை முடிக்க ஐயரிடம் நாள் கேட்டு வந்தார். பெற்றவள் தலைமுழுக வேண்டும்.

"ஒரு வாளி தண்ணி தலையிலை வார்த்தா எல்லாம் முடிஞ்சிடும்" என்றார்.

"அதுதான் எனக்குப் பயம்."

இதற்கிடையில், குருநகரிலிருந்து ஹெக்ரர் சங்கிலியை அறுத்துக்கொண்டு தனியே வரத் தொடங்கியிருந்தது. இத்தனை தூரம், இத்தனை காவலரண்கள் தாண்டி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. (எனக்கும்தான்.) உச்சிவேளைகளில் வரும். அவள் மடியில் தலையை வைக்கும். ஆனால் பார்வை அவள் முகத்தில் இருக்காது. அவளது இடது தோளுக்குச் சற்றுப் பின்னால், ஒரு பெடியன் குனிந்து நின்றால் அவன் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். வால் ஆடும்.

நேற்று இந்தப் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தபோது அது தலையை உயர்த்தி என்னைப் பார்த்தது. அந்த வரியை நான் எழுதவில்லை.

6

முடிவு ஒன்று: அவள் தலைமுழுகுகிறாள். அடுத்த உச்சிவேளை ஹெக்ரர் வருகிறது. அவளை மணந்துவிட்டு, அறியாத ஒருத்தியைக் கடப்பதுபோலக் கடந்து, படலையைத் தாண்டி வீதியில் இறங்கி நடக்கிறது. நிற்கவேயில்லை. அது எங்கே போய் யாருடைய மடியில் தலை வைக்கும் என்று பார்க்க அவள் பின்னால் ஓடுகிறாள்.

முடிவு இரண்டு: தலைமுழுகிய பிறகும் அது வந்து அவள் மடியிலேயே தலை வைக்கிறது. அது நல்ல முடிவா என்று எனக்கு இன்னும் தெரியாது.

முடிவு மூன்று: அவள் குளிக்கவில்லை. மகன்—

இல்லை. இது என்னால் முடியாது.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். குணம் என்ற தலைப்பின் கீழ், 'சாதுவானது, பிள்ளைகளோடு நன்றாகப் பழகும்' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.

ஆனால் ஞானாம்பிகை இன்னும் கிணற்றுக்கட்டில் குந்தியிருக்கிறாள். துலா மிதித்துத் தண்ணீர் அள்ளியாயிற்று. தியாகராசா வாளியை இறக்கி வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பி நிற்கிறார். படலையடியில் ஹெக்ரர் படுத்திருக்கிறது; நெற்றித் தோல் இறங்கியிருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள். யாராவது வார்க்கட்டும் என்றா, ஒருவரும் வார்க்காமல் போகட்டும் என்றா, எனக்குச் சொல்லமாட்டாள்.

வாளிக்குக் கிட்ட இப்போது நிற்பது நீங்கள்தான்.