உப்பில் கை வைத்துச் சொன்னது

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல், மறு வருஷம் அதே தேதி மத்தியானம் வரை எங்கள் அம்மா தையல்நாயகி ஒரு பருக்கைச் சோறுகூடச் சாப்பிடவில்லை. முதல் பத்தொன்பது நாளில் அவளுக்கு ஒன்பது கிலோ எடை கூடியது. மரக்காணத்தில் சிலர் இதை வேண்டுதல் என்றார்கள், சிலர் வியாதி என்றார்கள். பெருமுக்கல் மலைக்கோயிலில் ஒருவர் விபூதி கொடுத்துவிட்டு, வயிற்றில் காற்று புகுந்திருக்கிறது என்றார். மூன்றும் இல்லை. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவின் கை எங்கே இருந்தது என்று பார்த்தது நான் ஒருத்திதான். ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை, பயம்.

அன்றைக்குக் காலையில் கடல் எழுந்து வந்தது. குப்பத்து ஜனங்கள் மேற்கே ஓடினார்கள். எங்கள் வீடு உப்பளத்துக்கு மேற்கில், கொஞ்சம் மேட்டில் இருப்பதால் இருபத்தேழு பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதுவரை குப்பத்து ஆட்கள் மீன் விற்க வாசல் வரை வருவார்கள், நாங்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்துப் பேரம் பேசுவோம், அவ்வளவுதான் பழக்கம். அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை, நாங்களும் அவர்கள் வீட்டில் நனைத்ததில்லை. அம்மா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தாள். மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும், அப்பா கலியமூர்த்திக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை. வீட்டில் இருந்தது நாலு கிலோ ரேஷன் அரிசி, ஏழெட்டுக் கத்திரிக்காய், ஒரு கை கருவாடு. எல்லாவற்றையும் போட்டுவிட்டாள்.

எல்லாரும் சாப்பிட்டார்கள், இருசப்பனைத் தவிர. அறுபது வயசு இருக்கும், கட்டுமரக்காரர். அவர் மனைவி அன்று காலை வலை பிரிக்கப் போனவர், இன்னும் கிடைக்கவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "போட்டவங்க சாப்டாம நான் கை நனைக்க மாட்டம்மா" என்றார். பானையில் அடிச்சோறுகூட இல்லை. ஆனால் சோறு இல்லை என்ற வார்த்தையை அம்மா விருந்தாளி முன்னால் சொல்லமாட்டாள், எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் இலையில் வைக்க உப்பு எடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே திரும்பிச் சொன்னாள்: "சமைச்ச வாசனையிலயே எனக்கு வயிறு ரொம்பிடுச்சுண்ணே. நீங்க சாப்புடுங்க."

அப்போது அவள் கை மணிக்கட்டு வரை உப்பு ஜாடிக்குள் இருந்தது.

உப்பளத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாத்திக்கு வரப்புச் சண்டை வந்தால் எங்கள் ஆட்கள் போலீசுக்குப் போவதற்கு முன் உப்பு அம்பாரத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொல்வார்கள். அங்கே பொய் சொன்னால் உப்பு அதை மெய்யாக்கிவிடும். கண்ணால் பார்க்கவில்லை என்று பொய் சொன்ன ஒருவருக்கு அன்று சாயங்காலமே பார்வை போயிற்று, அவர் இன்னும் இருக்கிறார், கயிறு பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிறார். விருந்தாளிக்குச் சொல்லும் மரியாதைப் பொய்யும் அதில் சேரும் என்று யாரும் யோசித்ததில்லை. இருசப்பன் கை நனைத்தார். அவர் முதல் வாய் விழுங்கியபோது அம்மா ஏப்பம் விட்டாள்.

ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. சமைக்கிறவள் கடைசியில்தான் சாப்பிடுவாள், எப்போது சாப்பிட்டாள் என்று யார் பார்க்கிறார்கள்? நிவாரண அரிசி வந்தது, அம்மா மூன்று வேளையும் இருபத்தேழு பேருக்கு ஆக்கினாள். கன்னம் உப்பியது, ரவிக்கை பிரிந்தது, வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு பாஞ்சாலை அத்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏ ஷாலினி, ஊரே வத்திப்போய் கெடக்குது, ஒங்கம்மா மட்டும் பூசணிக்கா மாதிரி ஆவறா. எந்த கடை அரிசிடீ அது?" அன்றைக்குத்தான் நான் அம்மாவின் தட்டைப் பார்த்தேன். ஆணியில் மாட்டியது மாட்டியபடி இருந்தது. நடுவில் ஒரு சிலந்தி கூடு கட்டிக் குடியிருந்தது.

பத்தொன்பதாம் நாள் கடலோரத்தில் தார்ஷீட் கொட்டகைகள் போட்டு எல்லாரையும் அங்கே அனுப்பினார்கள். மூன்றே நாளில் அம்மா நாலு கிலோ இறங்கினாள். அப்பா பயந்துபோய் தன் கையாலேயே ஊட்டினார். அம்மா வாய் திறந்து வாங்கிக்கொண்டாள், மென்றாள், பிறகு முந்தானையில் துப்பினாள். துப்பியது சோறு அல்ல. அரிசி. வெள்ளையாக, ஈரமில்லாமல், களைந்து காய வைத்ததுபோல இருந்தது. அப்பா அதை அள்ளி டப்பாவில் போட்டார். மறுநாள் அதையே ஆக்கினோம். ருசியில் வித்தியாசம் இல்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது நர்சு ஜான்சி அக்கா. எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து அம்மாவை அதில் நிற்க வைத்தாள். நாற்பத்தேழரை. வந்தவளைச் சும்மா அனுப்பக் கூடாது என்று நான் அம்மா சுட்ட இட்லியை எடுத்து வைத்தேன். அக்கா ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள், முள் லேசாக ஆடியது. இரண்டாவது இட்லிக்கு இருநூறு கிராம் ஏறியிருந்தது. அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். முள் நின்றது. மென்றாள். ஏறியது. "இறங்குங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைச் சாப்பிடச் சொன்னாள், அப்பாவைச் சாப்பிடச் சொன்னாள். நாங்கள் ஆளுக்கு ஆறு தின்றும் முள் அசையவில்லை. வீட்டு ஆள் விருந்தாளி இல்லை. அக்கா நோட்டில் ரத்தசோகை என்று எழுதிக்கொண்டு போனாள். வேறு என்ன எழுதுவாள்?

அன்றிலிருந்து விருந்தாளி பிடிப்பது எங்கள் வேலையானது. காலையில் அப்பா உப்பளத்திலிருந்து லாரி டிரைவர்களைக் கூட்டி வருவார். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு ஈசிஆர் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பேன். கூனிமேட்டிலிருந்து துணி மூட்டையோடு வரும் பாய், ஆடு வாங்க வந்த கிளியனூர்க்காரர், கணக்கெடுக்க வந்த தொண்டு நிறுவனத்துப் பெண்கள், வழி கேட்டு நின்ற தம்பதி என்று யாராக இருந்தாலும் சரி. பசிக்கவில்லை என்று சொன்னவர்களிடம் நான் அழுதிருக்கிறேன். ஒரு டிரைவர், "சோறு போட ஏம்மா அழுவுற, உள்ள இன்னா போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, என்னை முதலில் ஒரு வாய் தின்னச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் முறை போட்டு வந்தார்கள். ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருந்தது. குழம்பில் உப்புக் குறைந்தால் விருந்தாளி கேட்பார், வீட்டு ஆள் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வார். பாஞ்சாலை அத்தை எட்டாம் முறை வந்தபோது, பேச்சு சுவாரசியத்தில் தானே ஜாடியைத் திறந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு தின்றாலும் அம்மாவுக்கு ஒட்டவில்லை. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். இப்படி ஒவ்வொருவராக எங்கள் வீட்டு ஆள் ஆனார்கள். புரட்டாசிக்குள் ஊரில் விருந்தாளி தீர்ந்துபோனது.

இருசப்பனை அப்பா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். அவர் கொட்டகை வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். அந்த வீட்டுச் சோற்றைத் திருப்பிப் போடாமல் மறுபடி அங்கே கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவருக்குச் சோறு ஆக்கத் தெரியாது. அவர் மனைவி இருந்தவரை அடுப்புப் பக்கம் போனதில்லை.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. உப்பளம் மூழ்கியது, லாரி வரவில்லை, ரோட்டில் தண்ணீர் ஓடியது. நான் குடை பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில் பஸ்ஸே வராது. அம்மா நாற்பதுக்கு வந்தாள், முப்பத்தெட்டுக்கு வந்தாள். கார்த்திகை முடியும்போது முப்பத்துநாலு. ஜான்சி அக்காவும் அதற்குள் இரண்டு தடவை உப்பைத் தானே எடுத்துவிட்டிருந்தாள். அம்மா பாயில் படுத்தபடியே, வலிக்கவில்லை, வயிறு திம்மென்று இருக்கிறது என்று சொல்வாள். அதுதான் எனக்கு அதிகப் பயம். செத்துக்கொண்டிருந்தவளுக்குப் பசியே இல்லை.

டிசம்பர் 25 சாயங்காலம் இருசப்பன் வந்தார். அம்மா அவரைப் பார்த்ததும் அடுப்பு மூட்ட எழுந்தாள், சுவரைப் பிடித்தபடியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவர் வாசற்படி தாண்டவில்லை. "நான் கை நனைக்க வரல. கூப்புட வந்தேன். நாளைக்கு அவளுக்கு வருசம். நீ வந்து சாப்புடணும்" என்றார். நாற்பது வயசு அம்மாவை ஒரு வீட்டுக்குச் சாப்பிட வா என்று வாசலில் வந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கல்யாண வீட்டில்கூட அவளை அடுப்படிக்குத்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா சைக்கிள் கேரியரில் அம்மாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார், விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். கொட்டகைக்குள் மனைவி படம் இல்லை, எல்லாம் கடலோடு போய்விட்டதால், மிஞ்சிக் கிடைத்த மனைவி புடவைத் துண்டு ஒன்றுக்கு இருசப்பன் மாலை போட்டிருந்தார். சோறு அடிப்பிடித்த நாற்றம். சங்கரா மீன் குழம்பு, மீன் எல்லாம் கரைந்து முள்ளாகக் கிடந்தது. ஒரே ஒரு இலை போட்டு அம்மாவை உட்கார வைத்தார். அம்மா பழக்கத்தில் கேட்டாள், "நீங்க சாப்டீங்களாண்ணே?"

அவர் அப்போது இலையில் வைக்க உப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கை டப்பாவுக்குள் இருந்தது. அவர் உதட்டையே பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பிறந்த யாரும் அந்த இடத்தில் சொல்லக்கூடியது ஒரே ஒரு பதில்தான்.

"இல்லம்மா," என்றார் இருசப்பன். "நேத்துலருந்து ஒண்ணுமே துன்னல. பசி உயிர் போவுது. சோறு வேற கருகிடுச்சு, ரெண்டு பேருக்கே காணாது."

விருந்துக்குக் கூப்பிட்டவர் வாயில் அப்படி ஒரு பேச்சை நாங்கள் கேட்டதே இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும் அவரையே பார்த்தாள். பிறகு அவள் வயிறு சத்தம் போட்டது. வெளியே நின்ற நாய் எழுந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

"எனக்கும் பசிக்குதுண்ணே" என்றாள்.

எனக்குப் பதினைந்து வயசு. அந்த வார்த்தையை அம்மா வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். இலையை இரண்டாகக் கிழித்தார்கள். கருகியதும் கருகாததுமாகப் பங்கு போட்டுக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விழுங்கிய சோறு சோறாகவே உள்ளே போனது. குழம்பில் உப்பு போட மறந்திருந்தார், இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அதே மத்தியானம், வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கை நனைத்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. ஜான்சி அக்கா ஊசி போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினாள். துணி விற்கும் பாய் சாப்பாட்டுக் கடையை விட்டு வெளியே வந்தவர், திரும்பவும் உள்ளே போனார். பாஞ்சாலை அத்தை சட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை, மழை விட்ட பசி என்றார்கள்.

2006 தையில் உப்பளம் திறந்தது. அம்மா இப்போது நாற்பத்துமூன்று கிலோ. விருந்தாளி வந்தால் அம்மா தன் தட்டில் முதலில் போட்டுச் சாப்பிடுவாள், அவர்கள் காத்திருப்பார்கள், ஊரில் அதை மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. சிலந்தி அப்பா தட்டுக்கு மாறியது, அப்பா அதைக் கூரையில் விட்டார். நான் மட்டும் உப்பு எடுக்கும்போது யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வதில்லை. கையை வெளியே எடுத்து, பாவாடையில் துடைத்து, ஒரு மணி உப்புகூட ஒட்டவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் வாய் திறக்கிறேன்.